பிள்ளையைத் திட்டினால் கூரை கிடைக்காது

வயதானவர் ஒருவர் நடைபாதையில் படுத்துக் கிடப்பதைப் பார்த்தால் நம் வாயில் வரும் முதல் கேள்வி, “பெத்த பிள்ளைங்க என்ன ஆனாங்க?” என்பதுதான். பட்டிமன்ற மேடையிலும், தொலைக்காட்சித் தொடரிலும், வாட்ஸ்அப் காணொளியிலும், முதியோர் தின விழாவிலும் இதே கேள்வி கேட்கப்படுகிறது. ஒரே தீர்ப்புதான் வழங்கப்படுகிறது. கூட்டுக்குடும்பம் உடைந்தது, பாசம் வற்றியது, மருமகள் வந்தாள், மகன் மாறினான், பெற்றவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் போதிக்க வேண்டும். கேட்காதவர்களைச் சட்டத்தால் தண்டிக்க வேண்டும். அதற்கும் மிஞ்சியவர்களுக்கு முதியோர் இல்லம் கட்ட வேண்டும்.

இந்தத் தீர்ப்பை நான் மறுக்கிறேன். பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளே இல்லை என்று வாதிட வரவில்லை. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு தாயை வாசலில் நிறுத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தண்டனையும் வேண்டும். ஆனால் சென்னை போன்ற ஒரு நகரத்தில் ஏழை முதியவர் வீடிழக்கும்போது அதன் அடியில் இருப்பது பெரும்பாலும் ஓர் எளிய கணக்கு: அவர் கையிலுள்ள பணத்துக்கு ஒரு வாடகை அறை கிடைப்பதில்லை. இது வீட்டுப் பிரச்சினை. இதைப் பாசப் பிரச்சினையாகவே பேசிப் பேசி, பதில் சொல்ல வேண்டியவர்களைத் தப்பிக்க விட்டிருக்கிறோம்.

முதலில், குடும்பம் உடைந்துவிட்டது என்ற கூற்றையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் முதியோரின் வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்த நெடுங்கால ஆய்வு ஒன்று 2017–18இல் கள விவரம் திரட்டி, 2021இல் அறிக்கை வெளியிட்டது. அதன்படி 60 வயதைக் கடந்தவர்களில் தனியாக வாழ்வோர் 100க்கு 6 பேர் அளவில்தான். பெரும்பான்மையோர் இன்றும் பிள்ளைகளோடுதான் இருக்கிறார்கள். அதே ஆய்வில், மூவரில் ஒருவருக்கு மேற்பட்டோர் 60க்குப் பிறகும் உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரெங்கும் பெற்றோர் துரத்தப்படுகிறார்கள் என்ற சித்திரத்துக்கும் இந்த எண்களுக்கும் பொருத்தமில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் தாங்கத்தான் செய்கிறார்கள். எதை வைத்துத் தாங்குவது என்பதுதான் கேள்வி.

வடசென்னையின் ஒற்றை அறை வாடகை வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். மகன், மருமகள், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். அதே அறையில் அடுப்பு, அதே அறையில் படுக்கை, கழிப்பறை பொது. மகன் லோடு வண்டி ஓட்டுகிறார் அல்லது உணவு டெலிவரி செய்கிறார். அப்பா காலமான பிறகு அம்மாவை அந்த அறையில் எங்கே படுக்க வைப்பது? பேத்தி வயதுக்கு வந்தபின் அந்த அறையை எப்படிப் பிரிப்பது? “வாசல் திண்ணையில படுத்துக்கிறேன்” என்று அம்மாவே சொல்வார். பிறகு கோயில் மண்டபம் என்பார். அதற்குப் பிறகு நடைபாதை. இந்த வரிசையில் யாரும் யாரையும் துரத்தவில்லை. அந்த மகனை மேடையில் ஏற்றி நாலு மணி நேரம் அறம் போதித்தாலும் அவர் வீட்டில் இன்னொரு பாய் விரிக்க இடம் வராது.

பிள்ளையே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். மணமாகாதவர்கள், குழந்தையில்லாத விதவைகள், மகனைக் குடிக்கோ விபத்துக்கோ பறிகொடுத்தவர்கள், வாழ்நாள் முழுக்க ஊர் ஊராய்க் கட்டட வேலைக்குப் போனதில் குடும்பமே அமையாதவர்கள். பாரிமுனைப் பகுதியில் மூன்று தலைமுறையாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்துகிறவர்களும் உண்டு. அங்கே முதியவரைப் பிள்ளை கைவிடவில்லை, பிள்ளையும் பேரனும் பக்கத்திலேயேதான் படுத்திருக்கிறார்கள். இவர்கள் எல்லோரிடமும் “உன் பிள்ளை எங்கே?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துபோவது கொடுமை.

பிள்ளைகளைத் திருத்தச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. அதன் கீழ்த் தீர்ப்பாயம் விதிக்கக்கூடிய பராமரிப்புத் தொகைக்கு உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். கைவிட்டவருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 23ஆம் பிரிவு இன்னும் வலுவானது: பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பார்க்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் அது யாருக்குப் பயன்படும்? எழுதிக் கொடுக்கச் சொத்து வைத்திருந்தவருக்கு. சம்பாதிக்கும் பிள்ளை உள்ளவருக்கு. மாதம் 12,000 சம்பாதித்து 5,000 வாடகை கொடுக்கும் மகனிடமிருந்து எந்தத் தீர்ப்பாயமும் தாய்க்கு ஒரு வீட்டைப் பிடுங்கித் தர முடியாது.

அதே சட்டத்தின் 19ஆம் பிரிவைப் பற்றி மேடைகளில் யாரும் பேசுவதில்லை. மாவட்டத்துக்கு ஒன்றாகத் தொடங்கி, வழியற்ற மூத்த குடிமக்கள் 150 பேராவது தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது அது. பிள்ளை தவறினால் சிறைவரை போகும் சட்டம், அரசு தவறினால் என்ன என்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் கடமையைக் கட்டாயமாக்கிவிட்டு, அரசின் கடமையை அதன் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. நாம் கொண்டாடும் அறப்பேச்சு சட்டத்தின் வடிவத்தையே இப்படித்தான் தீர்மானித்திருக்கிறது.

அடுத்து, கையில் இருக்கும் பணம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கியது. இந்தியாவுக்கே முன்னோடிகளில் ஒன்று. 2011இல் அது 1,000 ரூபாயானது. பிறகு 12 ஆண்டுகள் அசையவில்லை. 2023இல்தான் 1,200 ஆனது. இதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு 200 ரூபாய். 2007இலும் அது 200தான், இன்றும் 200தான். ஒழுங்கான நிறுவனத்தில் வேலை பார்த்து வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம் பெறுகிறவருக்கோ 2014 முதல் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய். இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சென்னையில் வாடகை எங்கே போயிற்று என்று வாடகை கொடுக்கும் எவரையும் கேளுங்கள். 1,200 ரூபாய்க்கு நகரத்துக்குள் கதவுள்ள ஓர் அறை கிடைக்காது. அரிசி ரேஷனில் வருகிறது. இட்லி அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மதியச் சோறு கோயில் அன்னதானத்தில் கிடைக்கிறது. முதியவர் பட்டினி கிடக்கக் கூடாது என்று இந்த மாநிலம் உண்மையாகவே அக்கறைப்பட்டுச் செயல்பட்டிருக்கிறது. அந்த அக்கறை கூரைக்கு மட்டும் நீளவில்லை.

வாடகைக்குப் பணம் இருந்தாலும் வீடு கிடைப்பதில்லை என்பது இன்னொரு கதை. சென்னையில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் கேட்பது பழகிப்போன வழக்கம். தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்தது. புரோக்கரிடம் போய் அந்த விதியைச் சொன்னால் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். அதே சட்டம் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கியது. பழைய சட்டத்தில் குறைகள் இருந்தன, வீட்டு உரிமையாளர்கள் அதனால் நொந்ததும் உண்மை. ஆனால் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒண்டுக்குடித்தன அறைகளில் முப்பது நாற்பது வருடமாக இருந்த முதியவர்களுக்கு அதுதான் ஒரே பாதுகாப்பு. அதை எடுத்தபோது அந்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை.

வயதானவர் தனியாக வந்து வீடு கேட்டால் உரிமையாளர் தயங்குவதன் காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். வெளியே சொல்லத்தான் கூச்சப்படுகிறோம். இங்கேயே உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது? வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்வது? வாடகை வீட்டில் உயிர் பிரிந்தால் உடலை உள்ளே வைக்க விடாமல் நேரே சுடுகாட்டுக்கு அனுப்பச் சொல்லும் உரிமையாளர்கள் உள்ள ஊர் இது. எழுபது வயது விதவை ஒருவர் மாதந்தவறாமல் வாடகை கொடுக்கக்கூடியவராக இருந்தாலும் “குடும்பத்துக்குத்தான் விடுவோம்” என்ற பதிலோடு படியிறங்குகிறார். பிள்ளையின் பாசம் இதில் எங்கே வருகிறது? இது சந்தையில் நடக்கும் விலக்கல். அரசு தலையிட்டுத்தான் சரிசெய்ய முடியும்.

வீடு கிடைக்காத ஆண்கள் பலருக்கு இன்று வேலையே வீடு. அடுக்குமாடி வாசலில், கட்டடம் எழும் மனையில், ஏடிஎம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன்களின் வயதைக் கவனியுங்கள். அறுபது, அறுபத்தைந்து, எழுபது. சம்பளம் குறைவு என்று தெரிந்தும் இரவுப் பணியை அவர்கள் விரும்பி ஏற்பதற்குக் காரணம், தலைக்கு மேல் ஒரு தகரமும் பக்கத்தில் ஒரு குழாயும் கிடைப்பதுதான். பெண்களுக்கு இதற்கு ஈடானது, வீட்டோடு தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கண் மங்கிய அன்று, முட்டி மடங்காத அன்று, பார்த்துக்கொண்ட நோயாளி இறந்த அன்று வேலையும் கூரையும் ஒன்றாகப் போகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் வீடற்றோர் சுமார் 17.7 லட்சம் பேர் என்றது. தகரக் கொட்டகையில் இரவைக் கழிக்கும் வாட்ச்மேன் அந்தக் கணக்கின் கண்ணில் படுவது கடினம். அவர் தெருவிலிருந்து ஒரு சம்பள நாள் தூரத்தில்தான் நிற்கிறார்.

அரசு வீடே கட்டவில்லையா என்றால், கட்டியிருக்கிறது. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டித் தருவது தொடக்ககால வாரியத்தின் பெருமை. 2000க்குப் பிறகு போக்கு மாறியது. கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு விளிம்புக்கு அனுப்பினார்கள். இளைஞருக்கே அது பெரிய அடி. முதியவருக்கு அது வேறு வகையான வீடிழப்பு. மயிலாப்பூர்த் தெருவில் பூ கட்டி விற்ற பாட்டிக்குப் பெரும்பாக்கத்தில் வாடிக்கையாளர் இல்லை. பல மாடிக் கட்டடத்தில் லிப்ட் பழுதானால் மேல்தளத்து முதியவர் வீட்டுக்குள்ளேயே சிறைப்படுகிறார். ரத்த அழுத்த மாத்திரை வாங்கிவந்த பெரிய ஆஸ்பத்திரி இரண்டு பஸ் தூரத்துக்குப் போய்விட்டது. அதனால்தான் ஒதுக்கீட்டு வீட்டை மகனிடம் விட்டுவிட்டு, பிழைப்பு இருக்கும் பழைய தெருவுக்கே திரும்பி நடைபாதையில் படுக்கிற முதியவர்கள் உண்டு. பார்க்கிறவர் கண்ணுக்கு அவரும் “பிள்ளை துரத்திய தாய்” ஆகிவிடுகிறார்.

மத்தியத் திட்டங்களும் முதியவரை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. 2015இல் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டம் சொந்த வீட்டைச் சுற்றியே கட்டப்பட்டது. மனை வைத்திருந்தால் கட்ட உதவி. வங்கிக் கடன் கிடைத்தால் வட்டிச் சலுகை, அதுவும் 20 ஆண்டுக் காலம் வரை கணக்கிட்டு. அறுபத்தைந்து வயதில் மனையும் இல்லாமல் மாதச் சம்பளமும் இல்லாமல் இருப்பவருக்கு எந்த வங்கி 20 ஆண்டுக் கடன் தரும்? அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒதுக்கீடு என்றால் பயனாளி பங்குத்தொகை என்று ஒரு பெருந்தொகை வந்து நிற்கிறது. முதியவருக்கு வேண்டியது சொத்து அல்ல. சாகும்வரை யாரும் காலி செய்யச் சொல்லாத, வருமானத்துக்கு ஏற்ற வாடகையில் ஓர் அறை. வாடகை வீடு தருவதை அரசின் வேலையாக நாம் ஒருபோதும் எண்ணாததால், கட்டிய வீடுகளின் கணக்கு கூடக்கூட இவர்களின் நிலை மட்டும் மாறாமல் இருக்கிறது.

“சரி, முதியோர் இல்லம் கட்டுவோம்” என்பது அடுத்த பதில். படுத்த படுக்கையானவருக்கு, நினைவு தப்பியவருக்கு இல்லம் அவசியம். அவை போதாது, இன்னும் வேண்டும். ஆனால் தானே சமைத்து, தானே குளித்து, பூ விற்றோ பாத்திரம் தேய்த்தோ நாலு காசு பார்க்கும் ஒருவரை ஏன் இல்லத்தில் அடைக்க வேண்டும்? ஆண் பகுதி, பெண் பகுதி என்று நாற்பது வருடத் தம்பதியை ஏன் பிரிக்க வேண்டும்? கோயம்புத்தூரைச் சுற்றி எழுந்திருக்கும் ஓய்வுக்கால வில்லாக்களில் பணமுள்ள முதியவர்கள் தங்கள் சாவியைத் தாங்களே வைத்துக்கொண்டு கௌரவமாக வாழ்கிறார்கள். ஏழை முதியவர் என்றதும் நம் கற்பனை வரிசைக் கட்டிலோடு நின்றுவிடுகிறது. நகரங்களில் லட்சம் பேருக்கு ஓர் இருபத்துநான்கு மணி நேரக் காப்பகம் வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு காப்பகங்கள் வந்தன, உயிர்களைக் காக்கின்றன. ஆனாலும் காப்பகம் இரவுக்கானது. மிச்ச ஆயுளை வாழ்வதற்கு உள்தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு வேண்டும்.

நேர்மையானவர்கள் எழுப்பும் ஓர் ஆட்சேபம் உண்டு. அரசே வீடு கொடுத்தால் பிள்ளைகள் கையைக் கழுவிவிட மாட்டார்களா? இந்த அச்சத்துக்கு நம் அனுபவமே பதில் சொல்கிறது. உதவித்தொகை வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதனால் பிள்ளைகள் பெற்றோரைக் கூட்டங்கூட்டமாக விட்டுவிடவில்லை. பெரும்பான்மையோர் இன்றும் சேர்ந்தே வாழ்வதை மேலே பார்த்தோம். கையில் ஆயிரம் ரூபாய் வரும் அம்மாவுக்கு மகன் வீட்டில் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. பேரனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கித்தரும் சக்தி அது. கிட்ட இருந்தால் முட்டப் பகை என்று நம் பெரியவர்கள் சொன்னதும் அனுபவத்தில்தான். ஒரே அறைக்குள் நெருக்கியடித்து நடக்கும் சண்டைகளில் அறுந்துபோகும் உறவு, இரண்டு தெரு தள்ளி ஓர் அறை இருந்தால் அறாமல் நிற்கும்.

சிங்கப்பூரைப் பாருங்கள். பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை 1995இலேயே நிறைவேற்றிய நாடு அது. பிள்ளையின் கடமையை நம்மைவிடக் கறாராகப் பேசும் நாடு. அதே அரசுதான் வருமானம் குறைந்தவர்களுக்கு மிகக் குறைந்த வாடகையில் வீட்டு வாரிய அறைகளைத் தருகிறது; 55 வயதைக் கடந்தவர்கள் முழுக் குத்தகைக்குப் பணம் கொடுக்காமல் 15 முதல் 45 ஆண்டுகள் வரையிலான குறுங்குத்தகையில் சிறு வீடு வாங்க வழி செய்திருக்கிறது. வாடகை வீடு கேட்டு வரும் முதியவரிடம் பிள்ளை வீட்டில் இடமில்லையா என்று அங்கேயும் விசாரிக்கிறார்கள். இல்லையென்றால் கொடுக்க வீடு இருக்கிறது, வித்தியாசம் அதுதான். ஜப்பானில் தனியாக இருக்கும் முதியவர் வீட்டிலேயே இறந்துவிடுவாரோ என்று உரிமையாளர்கள் அஞ்சுவது நம் ஊர் அச்சம்தான். அங்கே 2017இல் சட்டத்தைத் திருத்தி, முதியோரை மறுக்காத வாடகை வீடுகளைப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

ஒழுக்கக் கதை சொல்லித் தப்பிப்பதும் நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் வீடற்றவர் என்றதும் போதைப் பழக்கம் என்பார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகம் 2023இல் வெளியிட்ட பெரிய ஆய்வு அங்கே தனித்து வாழும் வீடற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 50 வயதைக் கடந்தவர்கள் என்று கண்டது. அவர்களில் பத்தில் நான்கு பேர் 50 வயதுக்குப் பிறகே வாழ்க்கையில் முதன்முறையாக வீடிழந்தவர்கள். மாதம் 300 முதல் 500 டாலர் வாடகை உதவி கிடைத்திருந்தால் வீட்டைக் காப்பாற்றியிருப்போம் என்று ஆய்வில் பங்கேற்றோரில் பத்தில் ஏழு பேர் சொன்னார்கள். அங்கே போதை, இங்கே பிள்ளை. இரண்டு கதைகளையும் விலக்கிப் பார்த்தால் அடியில் வாடகைதான் இருக்கிறது.

இனி ஒத்திப்போடவும் நேரமில்லை. 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம். ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று அரசே கேட்டுக்கொண்டபடி சிறுகுடும்பமாகிவிட்ட தலைமுறைதான் இன்று முதுமைக்குள் நுழைகிறது. குடும்பத்தைச் சிறிதாக்கச் சொன்ன அரசு, முதுமையின் சுமை முழுவதையும் அந்த ஒற்றைப் பிள்ளையின் தோளில் வைத்துவிட்டு விலகுவது நியாயமே இல்லை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. வாரியமும் வீட்டுவசதித் துறையும் நகரத்துக்குள் கட்டும் ஒவ்வொரு குடியிருப்பிலும் தரைத்தளத்தில் ஒரு பங்கைத் தனித்த முதியவருக்கும் முதிய தம்பதிக்கும் ஆயுட்கால வாடகைக்கு ஒதுக்க வேண்டும். வாடகை அவர்களின் வருமானத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். தனியார் வீட்டில் இருப்பவருக்கு உதவித்தொகையோடு வாடகைப்படி தர வேண்டும். அட்வான்ஸுக்கு மாநகராட்சி உத்தரவாதம் நிற்க வேண்டும். முதியவருக்கு வீடு விடும் உரிமையாளருக்கு, நோய் வந்தால் அழைக்க ஒரு சுகாதாரப் பணியாளரும், இறப்பு நேர்ந்தால் இறுதிக் காரியத்தை ஏற்க ஓர் அலுவலகமும் உண்டு என்ற உறுதியைக் கொடுத்தால் பாதித் தயக்கம் போய்விடும். உதவித்தொகை விலைவாசியோடு ஆண்டுதோறும் உயர வேண்டும். அடுத்த தேர்தலுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆற்றங்கரையிலிருந்து ஒரு குடும்பத்தை அகற்றினால், அதிலுள்ள முதியவர் விரும்பினால் பிழைப்பு இருக்கும் பகுதியிலேயே அவருக்கு அறை தர வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பவர்கள், நகரத்தில் அரசுக்குச் சொந்தமான நிலம் எவ்வளவு என்றும் அது யாருக்கு, எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்றும் சேர்த்தே கேட்கட்டும். பிள்ளைகளுக்கு அறம் போதிப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. அந்தப் போதனை எல்லா மேடையிலும் விரும்பிப் பேசப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். வீடு கட்டச் செலவாகும். அந்தச் செலவைச் செய்யச் சொல்லித்தான் நாம் வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம். அடுத்த முறை உங்கள் சட்டமன்ற உறுப்பினர் முதியோர் தின மேடையில் பாசத்தைப் பற்றிக் கண்கலங்கப் பேசினால், எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்தத் தொகுதியில் 1,200 ரூபாய் வாங்கும் முதியவர் வாடகைக்குப் போக எத்தனை அறைகள் இருக்கின்றன, இல்லையென்றால் எந்த ஆண்டுக்குள் கட்டித் தருவீர்கள்?